இடக்கன்னத்துத் துளைகள்

யுத்தம் முடிந்த பிறகு எங்கள் கோயில் திருவிழாவுக்கு மறுபடியும் கூத்துப் போடுவதென்று முடிவானபோது, வேடம் கட்ட ஆண்கள் போதவில்லை. பாடக்கூடியவர்களில் பாதிப்பேர் இத்தாலியில் இருந்தார்கள், என் மகன் உட்பட. ஆகவே கூத்துப் பழக்கும் அண்ணாவியார் தளபதி வேடத்தை என் மனைவிக்குக் கொடுத்தார். எல்லோருடைய பாட்டும் அவளுக்கு மனப்பாடம். பெண் என்பதால் அதுவரை யாரும் அவளைக் கூத்துக் களரியில் ஏற்றியதில்லை.

தளபதி யாரென்று தெரியாதபடி முகம் மூடிப் போருக்கு வருவதாகக் கதை. முன்பெல்லாம் காட்போட் மட்டையில் தங்கத்தாள் ஒட்டிக் கவிழ்ப்பார்கள். எனக்கு அது பொறுக்காது. மகனிடம் கேட்டேன். அங்கே ஒரு பழைய நூலகத்தில், தோலில் எழுதிய புத்தகத்தின் சித்திரங்களைப் படம் பிடித்து அனுப்பினான். பதினொரு படம், இருபத்து மூன்று வீரர்கள். வாளியைக் கவிழ்த்தது போன்ற தலைக்கவசம். கண்ணுக்கு ஒரு கீற்று. வலக்கன்னத்தில் மூச்சுக்குப் பதினான்கு துளை. எல்லோரும் ஒரே திசையில் போவதால் இடக்கன்னம் தெரியவில்லை.

பிஸ்கட் தகரத்தில் அப்படியே வெட்டிப் பொருத்தினேன்.

"மற்றக் கன்னத்துக்கு ஓட்டை?" என்றாள் மனைவி.

"படத்தில இல்ல."

"அப்ப அவனுக்கு அந்தக் கன்னமே இல்லையோ?"

நிலஅளவைப் படம் வரைந்து ஓய்வு பெற்றவன் நான். காணாததைக் கீறமாட்டேன்.

ஒத்திகையில் மத்தளமும் அண்ணாவியாரும் அவளுக்கு இடப்பக்கம், கடல் வலப்பக்கம். இரண்டாவது அடியிலேயே அவர் தாளத்தை நிறுத்தினார்.

"அக்கா, உங்கட பாட்டு கடலுக்குப் போகுது. எனக்கு வருகுதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பிறகு அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஐயா, ஞாயிறு ஒத்திகையிலயும் இப்பிடியெண்டா பெரிய குரல் உள்ள ஆளுக்குத்தான் வேடத்தக் குடுக்கோணும்" என்றார்.

மகனுக்குச் சொன்னேன். லீவு நாளில் மறுபடி போய், எதிர்த்திசையில் ஓடும் வீரன் ஒருவனைத் தேடிப் பிடித்து அனுப்பினான். இடக்கன்னம் வழுவழுவென்றிருந்தது. ஒரு துளை இல்லை. ஈட்டி குத்தும் பக்கம் அது, துளையிட்டால் தகடு பலவீனப்படும் என்று நினைக்கிறேன். நான் செய்ததுதான் சரி. சந்தோஷத்தோடு அவளிடம் காட்டினேன்.

மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தாள்.

"ஓம், நீங்க சரிதான். வடிவாச் செஞ்சிருக்கீங்க. நான் வேடத்த விடுறன்."

என் எண்ணிக்கைகளுக்கெல்லாம் எதிர்க்கதை சொல்லியே வாழ்ந்தவள் அவள். அன்று ஒப்புக்கொண்டு மீனிடம் திரும்பியது எனக்குத் தாங்கவில்லை. ஆணியும் சுத்தியலும் எடுத்து இடக்கன்னத்தில் பதினான்கு அடித்தேன். போதாது என்று பட்டது. இன்னும் ஆறு அடித்தேன்.

ஞாயிறு பின்னேரம் அண்ணாவியார் தாளத்தை நிறுத்தவில்லை. தளபதியின் வரவுப்பாட்டு முழுவதும் மத்தளத்துக்கு மேலால் கேட்டது. நானும் அவளுடைய இடப்பக்கமாகவே உட்கார்ந்திருந்தேன். ஞாயிறுவரை பொறுத்த அண்ணாவியாருக்கும், ஒரு லீவு நாளைத் தந்த மகனுக்கும் மனதுக்குள் நன்றி சொன்னேன். அவளுக்குச் சொல்ல எழுந்து போனேன்.

அவள் கவசத்தைக் கழற்றி என் கையில் தந்தாள்.

"உள்ளுக்க வேர்த்துக் கொட்டுது. உச்சியிலயும் ரெண்டு போடுங்க."