லாபம், ரெண்டு, மூணு

தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஆறுமுகநயினார் வாயில் ‘ஒன்று’ வராது. படி அளந்தாலும் மூட்டை எண்ணினாலும் “லாபம், ரெண்டு, மூணு” என்றுதான் போவார். முதல் எண்ணை அப்படிச் சொல்லாவிட்டால் வியாபாரம் படுத்துவிடுமாம். பதினோரு வருஷ வீட்டுக் கணக்கை எக்செல்லில் தட்டி வைத்ததும் அதே முறையில்தான். ஒவ்வொரு மாதமும் “லாபம். சொக்கம்மாள், வீட்டுச் செலவு” என்று தொடங்கும். அப்புறம் “2. பால்”, “3. கரண்ட் பில்”.

அவர் மனைவி சொக்கம்மாள் மசாலாப் பொடி அரைத்துத் திருவொற்றியூர்க் கடைகளுக்குப் போடுகிறாள். மடியில் பத்துக் கிலோ பையோடு ஷேர் ஆட்டோவில் நசுங்கிப் போய் முழங்கால் போய்விட்டது. ஸ்கூட்டி வேண்டும் என்று மூன்று வருஷமாகக் கேட்கிறாள். “கையைக் கடிக்குது” என்பார் அவர், சிரித்துக்கொண்டே. கல்நெஞ்சக்கார மனுஷன்!

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒப்பந்தம் ஆயிற்று. கணக்கை ஒரு செயலியில் ஏற்றிப் பார்ப்பது. மிச்சம் காட்டினால் ஸ்கூட்டி. துண்டு விழுந்தால் அவள் இனி வாயே திறக்கக்கூடாது. துண்டுதான் விழும் என்று அவருக்கு அசாத்திய நம்பிக்கை.

மாடி வீட்டு பெனிஷா ஃபைலை ஏற்றினாள். மிச்சம் லட்சக்கணக்கில் வந்தது. வரவு என்ற தலைப்பின் கீழே வரிசையாகச் சொக்கம்மாள் பெயர்.

“இன்னா மாமா, அத்தைதான் வூட்டுக்கே சம்பாரிச்சுப் போட்டுகினு கீறாங்களா?” என்று சிரித்தவள், உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “லாபம்னு பாத்த எடமெல்லாம் வரவுல போட்டுட்டுது. நூத்தி முப்பத்திரண்டு எடத்துல லாபத்த அழிச்சிட்டு ஒண்ணுன்னு போட்டா சரியாப்பூடும்.”

ஆறுமுகநயினார் மவுஸைப் பிடித்தார். முதல் லாபத்தின்மேல் கை நின்றுவிட்டது.

“அழிங்க” என்றாள் சொக்கம்மாள். “விளக்கு வச்ச நேரத்துல, உங்க கையாலயே லாபத்தை அழிங்க.”

“நான் அழிக்கட்டா மாமா?” என்று பெனிஷா கை நீட்டினாள்.

“தொடாதே!” என்று அலறி லேப்டாப்பை மூடினார் மனுஷர்.

திங்கட்கிழமை காலை ஷோரூமில் வண்டிக்கு ரசீது எழுதிய பையன் கேட்டான்: “ஹெல்மெட் எத்தனை சார்?”

“லாபம்” என்றார்.

“ரெண்டு” என்றாள் சொக்கம்மாள். “பின்னாடி உட்கார்றவருக்கும் வேணும்.”