ஓட்டை போடாத டிரம்

அடையாற்றங்கரைக் குடிசைகளில் நெடுஞ்செழியனைப்போல் பள்ளம் தோண்ட ஆள் கிடையாது. டெலிபோன் கேபிளுக்கு, சாக்கடைக்கு, பங்களாக்காரர்களின் மாங்கன்றுக்கு என்று மயிலாப்பூரிலிருந்து பெசன்ட் நகர் வரை அவன் கடப்பாரை படாத தெரு இல்லை. பெயர், கட்சிக்கார அப்பா வைத்தது. அதை முழுசாகச் சொல்லிக் கூப்பிட்டவள் அவன் பெண்டாட்டி செண்பகம் ஒருத்திதான், அதுவும் கோபம் வந்தால் மட்டும்.

தொண்ணூற்று மூன்று கோடையில் அவளுக்குத் தினமும் கோபம் வந்தது. தண்ணீர் லாரி ஒருநாள் வரும், இரண்டு நாள் வராது. எதிர்வீட்டு ஷீலாவிடம் டிரம் இருந்தது. லாரி வந்ததும் ரொப்பிவிட்டு ராணி மாதிரி உட்கார்ந்துகொள்வாள். செண்பகத்திடம் இருந்தது இரண்டே பிளாஸ்டிக் குடம்.

"ஊருக்கெல்லாம் பள்ளம் தோண்டிக்கினு கீறியே நெடுஞ்செழியா, பொண்டாட்டிக்கு ஒரு டிரம்மு கொண்டாரத் துப்பு கீதா?"

அவன் சிரித்து மழுப்புவான். ஆனால் மனசுக்குள் அது தைத்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் அடையாறில் ஒரு பழைய கிடங்குக்குப் பின்னால் வேலை கிடைத்தது. எந்தக் காலத்திலோ வாங்கிக் கெட்டுப்போன பூச்சிமருந்தை டிரம் டிரம்மாகப் புதைத்துவிட்டு மறந்தே போயிருந்தார்கள், புண்ணியவான்கள். இப்போது அங்கே அடுக்குமாடி வரப்போகிறது, தோண்டியெடுக்க ஆள் வேண்டும். பாதுகாப்பு என்று கொடுத்தது மூக்கில் கட்ட ஒரு துண்டு, அவ்வளவுதான். முதல் நாள் அழுகிய பூண்டு நாற்றம் துண்டையும் தாண்டி அடித்தது. நாலைந்து நாளில் நாற்றம் போய்விட்டது என்று நெடுஞ்செழியன் சந்தோஷப்பட்டான். போனது அவன் மூக்கு.

"மருந்த வழிச்சதும் காலி டிரம்முக்கு அடியில ஓட்டை போட்டுடணும். ஒண்ணுகூட முழுசா வெளிய போவக்கூடாது. எவனாச்சும் தூக்கிக்கினு போய் தண்ணி புடிப்பான்" என்று மேஸ்திரி வெள்ளைத்துரை தினமும் கத்துவார். நெடுஞ்செழியனும் குத்திக் குத்தித்தான் தள்ளினான். ஒரே ஒரு டிரம் மட்டும் தார் பூசியிருந்ததால் துளித் துருவும் இல்லாமல் வந்தது. கடப்பாரையை ஓங்கினான். இடுப்பில் குடத்தோடு லாரிக்குப் பின்னால் செண்பகம் ஓடுவது கண்ணுக்குள் வந்தது. கடப்பாரையை இறக்கிவிட்டான்.

மேஸ்திரி கண்ணில் படாமல் அதை வெளியே கடத்தினான். கழுவாமலா கொடுத்தான்? புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்தான். சோப்புத்தூள் போட்டான். புது மண்பானையைப் பழக்குகிற மாதிரி அடிபம்பு உப்புத்தண்ணீரை ஊற்றி ஊறவைத்து, கொட்டி, மறுபடி ஊற்றினான். தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தான். ஒரு வாசனையும் இல்லை. அடி மடிப்புக்குள் உறைந்து கிடந்ததற்குப் புளியும் எட்டவில்லை, சோப்பும் எட்டவில்லை.

"எங்கய்யா கெட்ச்சிது?" என்று செண்பகம் வாயெல்லாம் பல்லாகக் கேட்டாள்.

"பெயின்ட் டிரம்மு. வேலை எடத்துல குட்த்தாங்கோ."

டிரம்முக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள் அந்தப் பைத்தியக்காரி. லாரி வந்தபோது விளிம்புவரை ரொப்பிவிட்டு ஷீலாவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள்.

தண்ணீர் அடிக்கு இறங்க இறங்க, "ஒரு மாதிரி நாறுதுய்யா" என்றாள். அவன் மோந்து பார்த்தான். "ஒண்ணும் இல்லியே. புது டிரம்மு, போவப் போவ சரியாப்பூடும்." விடிந்ததும் வேலைக்குப் போய் வெளியிலேயே சாப்பிட்டுத் திரும்புகிறவன். அந்தத் தண்ணீரை முழுக்கக் குடித்தவள் அவள்தான்.

ஒரு மத்தியானம் ஷீலா பள்ளத்தருகே ஓடிவந்தாள். "அண்ணா, செண்பகம் வாயில நுரை தள்ளிக்கினு கெடக்குது!"

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார். "பூண்டு நெடி அடிக்குதே. பூச்சிமருந்து ஏதாவது குடிச்சாங்களா? வீட்ல சண்டையா? உண்மையைச் சொல்லுங்க, அதுக்குத் தனி ஊசி போடணும்."

சுற்றி நின்ற ஜனங்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். செண்பகம் மருந்து குடிப்பாளா? போலீஸ் கேஸா? நாளைக்கு ஊர் என்ன பேசும்? அவனுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"என் பொண்டாட்டி அந்த மாதிரி பொம்பள இல்ல சார். மருந்தும் இல்ல, மண்ணும் இல்ல. காலைல பூண்டுக் கொழம்பு வெச்சிருப்பா."

அவள் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைத்தான். வெயிலில் வந்த வலிப்பு என்று எழுதிக்கொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் செண்பகம் போய்விட்டாள்.

மறுநாள் காலை, உடம்பைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க ஷீலா டிரம்முக்குள் குனிந்தாள். குனிந்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இன்னாண்ணா இது, அழுவுன பூண்டு நாத்தம் வருது?"

நெடுஞ்செழியன் எழுந்து வந்து மோந்தான். அவனுக்கு இப்போதும் ஒன்றும் தெரியவில்லை. அதிலேயே அவனுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று.

மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்து டிரம்மின் அடியில் ஓங்கிக் குத்தினான். தண்ணீர் சந்தில் ஓடியது. பெண்கள் அலறினார்கள். "தண்ணிக்கு அட்ச்சிக்கினு சாவுறோம், இன்னா காரியம் பண்ணிட்ட நைனா!"

"கிட்ட வராதீங்கோ, அத்த மிதிக்காதீங்கோ!" என்று கத்தியவன் அப்படியே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். "மருந்து டிரம்மு ஷீலா. நான்தான் கொண்டாந்தேன். டாக்டரு கேட்டாரு. கேட்டாரு ஷீலா. நான்தான் இல்லன்னுட்டேன்."

அலறிய பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஈரத்தைவிட்டு விலகினார்கள். பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு குடம் தண்ணீர் வந்தது. முதல் குடத்தை ஷீலா தன் டிரம்மிலிருந்து கொண்டுவந்து ஊற்றினாள்.