பன்னிரண்டில் ஓடாத பெட்டி

என் அத்தானை எனக்குப் பிடிக்காது. அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றே பிடிக்கவில்லை. பலகாரத் தட்டைப் பார்த்து, "உது வீட்டிலை செய்ததோ, கடையிலை வாங்கினதோ?" என்று கேட்ட மனிதர் அவர். ஆனாலும் அந்த வெறுப்பை வெளியே காட்ட எனக்கு ஒரு நியாயமான காரணம் கிடைத்தது கம்பியூட்டர் வந்த பிறகுதான்.

அந்தக் கம்பியூட்டரை ஜெர்மனியில் இருந்த அண்ணை எனக்கென்று அனுப்பினார். ஏதோவொரு கந்தோர் தன் அலுவலக வேலைக்கு உதவாதென்று கழித்துவிட்ட மலிவுப் பெட்டி. 286 என்ற சிப், எட்டு மெகாஹேர்ட்ஸ் வேகம், பச்சை எழுத்துத் திரை. தொண்ணூறாம் ஆண்டு சண்டை மறுபடி தொடங்குவதற்குச் சற்று முன்னர் கொழும்பிலிருந்து லொறியில் வந்து இறங்கியது. அம்மாவும் நானும் இருந்த வீட்டில் அதை வைக்க மேசை இல்லை என்று சொல்லி, அத்தான் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். எங்கள் வீடும் அவருடைய வீடும் கொக்குவிலில் ஒரே ஒழுங்கையில்தான் இருந்தன. ஒரு கிழமைக்குள் அவர் வீட்டுப் படலையில் பலகை தொங்கியது. கம்பியூட்டர் வகுப்பு, அதிபர் இன்னார் என்று அவருடைய பெயர் பெரிய எழுத்தில். எனக்கு உதவியாளர் பதவி கிடைத்தது. பாடம் முழுவதையும் நான் படிப்பிப்பேன். அவர் படலையடியில் நின்று தாய் தகப்பன்மாரோடு கதைப்பார்.

"அண்ணை அனுப்பினது எனக்கு" என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். "ஓம், ஓம், உனக்குத்தான். நீ கலியாணம் கட்டிப் போகேக்கை கொண்டு போ" என்பார். அதைச் சொல்லும்போது ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

மின்சாரம் நின்றுபோன பிறகு பெட்டி கிணற்றடியில் இருந்த சின்ன ஜெனரேற்றரில் ஓடியது. மூடியளவு பெட்ரோல் விட்டு இழுத்து ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அரசாங்கத்தின் தடையால் மண்ணெண்ணெய் அப்போது கிடைக்காத சாமான். ஆகவே வகுப்பில் பெரும்பகுதி கரும்பலகையில்தான் நடக்கும். பிள்ளைகள் பெட்டியை எட்டிநின்று பார்த்துவிட்டுப் போவார்கள். பார்க்கிறதற்கு அழகாக அக்கா அதற்கு ஒரு சட்டை வேறு தைத்துப் போட்டிருந்தாள். ரோஸ் நிறத் துணி, ஓரத்தில் சுருக்கு. றேடியோவுக்கும் தையல் மெசினுக்கும் போடுகிற மாதிரி.

இந்த நேரத்தில் எங்கள் பகுதிக் கூட்டுறவுச் சங்கத்தின் மனேச்சர் ஒரு வேலை கொண்டு வந்தார். இடம்பெயர்ந்து வந்தவர்களையும் சேர்த்துக் குடும்ப அட்டைக்காரர் எல்லோருடைய பெயரையும் ஒழுங்கை வாரியாக, அகர வரிசையில் அடுக்கித் தர வேண்டும். சரியாக வந்தால் மாதா மாதம் வேலை தருவதாகச் சொன்னார். பெயர்களைத் தட்டிப் போட்டவள் நான். ஆனால் அடுக்கத் தொடங்கினால் பெட்டி முக்கி முக்கி ஊர்ந்தது. ஒரு போத்தல் மண்ணெண்ணெய் தீரும்போது அடுக்கலில் முக்கால்வாசிதான் முடிந்திருக்கும். இடையில் நின்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு தரத்துக்கு அதற்குமேல் எண்ணெய் தர அத்தான் மறுத்துவிட்டார்.

"பெட்டியின்ரை வேகத்தைக் கூட்டலாம்" என்று நான் சொன்னேன்.

"கூட்டிக் காட்டு பாப்பம். என்ரை கண்ணுக்கு முன்னாலை, ஒரு போத்தலுக்குள்ளை முடிச்சுக் காட்டினியெண்டால் பெட்டியை இண்டைக்கே தூக்கிக்கொண்டு போ. இல்லாட்டி இனி உந்தக் கதை கதைக்கக் கூடாது" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் விளையாட்டாக எடுக்கவில்லை. அம்மாவையும் அக்காவையும் கூப்பிட்டு, அவர்களுக்கு முன்னால் இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். அவர் சொன்னார். அக்கா அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போனாள்.

அந்தப் பெட்டியின் தாய்ப்பலகையில் கிறிஸ்டல் என்று ஒரு சிறு தகரக் குப்பி இருக்கும். சிப்புக்குத் தாளம் போடுவது அதுதான். அதில் எழுதியிருக்கும் எண்ணில் பாதி வேகத்தில் சிப் ஓடும். எங்களுடையதில் பதினாறு என்று இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஷெல் பட்டுக் கூரை விழுந்த, தனியார் வகுப்பு நடந்த ஒரு ரியூட்டரியில் நசுங்கிக் கிடந்த கம்பியூட்டரிலிருந்து இருபத்துநாலு எழுதிய குப்பியொன்றைக் கழற்றி வந்தேன். சிரட்டைக் கரியில் செப்புக் கோலைக் காய்ச்சி, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஈயத்தால் ஒட்டினேன். பெட்டி பன்னிரண்டில் எழும்பியது. திரையில் எழுத்துகள் விழுந்த வேகத்தைப் பார்த்து எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

அடுக்கத் தொடங்கிச் சிறிது நேரத்தில் அப்படியே உறைந்துபோனது. கீபோட்டில் எந்தக் கட்டையை அழுத்தினாலும் அசையவில்லை.

"பன்னிரண்டு எண்டது பன்னிரண்டு நிமிசமோ, பிள்ளை?" என்றார் அத்தான்.

முதலில் சூட்டைச் சந்தேகித்தேன். வேகம் கூடினால் சிப் கொதிக்கும். சட்டையைக் கழற்றி எறிந்தேன். தூசி உள்ளே போய்விடும் என்று அத்தான் சண்டைக்கு வந்தார். செம்மண் தூசிக்குப் பயந்து அவர் அந்த அறையின் யன்னல்களைத் திறக்கவே விடுவதில்லை. பழைய அலுமினியச் சட்டியில் ஒரு துண்டு வெட்டிச் சிப்பின் முதுகில் வைத்துக் கட்டினேன். மறுநாள் விடிய, பெட்டி குளிர்ந்து கிடக்கும்போதே தொடங்கினேன். முந்திய நாளைவிடக் கெதியாக நின்றது. சூடுதான் காரணம் என்றால் குளிர்ந்த பெட்டி ஏன் முந்தி நிற்க வேண்டும்? ஆகவே சூடு இல்லை.

அடுத்தது மெமரி. சிப் ஓடுகிற ஓட்டத்துக்கு மெமரி ஈடுகொடுக்காவிட்டாலும் இப்படி நிற்கும். நசுங்கிய பெட்டியிலிருந்து வேகமான மெமரிச் சிப்புகளைக் கழற்றி வந்து ஒவ்வொன்றாக மாற்றினேன். பிரயோசனமில்லை. அதே ரியூட்டரியில் இன்னொரு பலகையில் கிடைத்த, இருபது எழுதிய குப்பியைப் போட்டுப் பத்தில் ஓட்டினேன். கொஞ்சம் கூட நேரம் ஓடிவிட்டு நின்றது. பழைய எட்டுக்குப் போனால் எண்ணெய் தீரும் வரை நிற்காமல் ஓடும், ஆனால் அதற்குள் வேலை முடியாது. எட்டுத்தான் இந்தச் சிப்பின் எல்லை என்று எவரும் சொல்லியிருப்பார்கள். அத்தான் சொன்னார். கேட்காதவர்களுக்கும் சொன்னார். படலையடியில் நின்று, "உவள் பெட்டியைப் பழுதாக்கிப்போட்டுத்தான் விடுவாள்" என்று அவர் சொல்வது கரும்பலகைக்கு முன்னால் நின்ற எனக்குக் கேட்டது.

பிறகொரு நாள் அத்தானும் அக்காவும் அரியாலையில் ஒரு அந்தியேட்டிச் சடங்குக்குப் போனார்கள். வீட்டில் நான் தனியே. இருபத்துநாலு குப்பியைத் திரும்பப் போட்டு, எதையும் மாற்றாமல், சும்மா ஒருமுறை ஓட்டினேன். பெட்டி நிற்கவேயில்லை. கடைசிப் பெயர் வரை அடுக்கி முடித்தது. ஜெனரேற்றரில் எண்ணெயும் மிச்சம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அத்தான் வந்ததும் சொன்னேன். "என்ரை கண்ணுக்கு முன்னாலையெல்லோ எண்டனான்" என்றார். மறுநாள் அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தார். பாதி தாண்டவில்லை, பெட்டி நின்றது. அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். அக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு நான் எழும்பினேன்.

ஆள் இல்லாதபோது ஓடுகிற பெட்டி, ஆள் இருந்தால் ஏன் நிற்கிறது? அத்தானின் முகத்தைப் பார்த்தால் எனக்கும்தான் ஓடப் பிடிக்காது. ஆனால் சிப்புக்கு முகம் தெரியாது. அடுத்த முறை, வெளிச் சத்தமும் கேட்கட்டுமென்று, அவரோடு சண்டைபிடித்து எல்லா யன்னலையும் திறந்துவைத்தேன். திரையை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தேன். சற்று நேரத்தில் பச்சை எழுத்துகளின் ஓரம் இலேசாக உள்ளே சுருங்கியது. அதே நேரம் கிணற்றடியில் ஜெனரேற்றரின் சத்தம் சுமை ஏறின மாதிரிப் பதிந்தது. பெட்டி நின்றது.

சிப்பில் ஒரு பிழையும் இல்லை. கரண்ட் குறைகிறது. எட்டில் ஓடும்போது அந்தக் குறைவைச் சிப் பொறுத்துக்கொண்டது. பன்னிரண்டில் அதற்கு முழு வோல்ற்றேச்சும் வேண்டும், கொஞ்சம் குறைந்தாலும் நின்றுவிடும். யாரோ அதே ஜெனரேற்றரில் பெரிய சாமான் ஒன்றைக் கொழுவுகிறார்கள். கிணற்றடியிலிருந்து முன்னறைக்கு ஒரு வயர் வந்தது. பற்றறி சார்ஜ் பண்ணவென்று பின்னறைக்கு இன்னொரு வயர் போனது. அந்த வயரைப் பிடித்துக்கொண்டு போனேன்.

பின்னறையில் அக்கா அத்தானின் வெள்ளைச் சேட்டொன்றை ஸ்திரிக்கை போட்டுக்கொண்டு நின்றாள். மின்சார ஸ்திரிக்கைப் பெட்டி. ஊர் முழுக்கக் கரிப்பெட்டிக்கு மாறிய காலம் அது. அக்காவிடமும் கரிப்பெட்டி இருந்தது. சேட்டில் ஒரு சுருக்கம் இல்லை. சேட்டின் கையில் எடுத்த மடிப்பு கத்தி மாதிரி நின்றது. அதன்மேலேயே அவள் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கரிப்பெட்டி எங்கை அக்கா?"

"குசினியிலை."

"அப்ப ஏன் உது?"

"பொறி தெறிக்கும். வெள்ளைச் சேட்டெல்லோ."

"முந்தநாளும் என்ரை பெட்டி நிண்டது. அண்டைக்கு நீலச் சேட்டுத்தானே போட்டவர்?"

அவள் ஸ்திரிக்கைப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். என்னை நேராகப் பார்த்தாள். "ஜெனரேற்றர் சத்தம் இறங்கினால் எனக்குத் தெரியும், உன்ரை பெட்டி நிண்டிட்டுதெண்டு" என்றாள்.

"தெரிஞ்சுதான் செய்தனியோ?"

"ஓம்."

நான் அவளை அடித்திருப்பேன். உண்மையாகவே கை எழும்பியது. அத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டு நான் சூட்டையும் மெமரியையும் தேடித் திரிந்த நாளெல்லாம் இவள் இங்கே சுவருக்குப் பின்னால் நின்று ஒரு சேட்டைத் தேய்த்திருக்கிறாள்.

அக்கா குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "இவர் வெளிநாடு போறதுக்கு ஏஜென்சிக்காரனோடை கதைச்சு வைச்சிருக்கிறார். இந்த வகுப்பு இருக்கிறபடியாலைதான் நாளைக்கு நாளைக்கெண்டு இழுபடுது. படலையிலை பலகை தொங்கிறது அவருக்கு ஒரு பவிசு. அது போனால் அவருக்கு இங்கை என்ன இருக்கு? நானோ?"

"அண்ணை அனுப்பினது எனக்கு, அக்கா."

"உனக்குத்தான். ஆர் இல்லையெண்டது."

எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். வரவில்லை. கோபம் கூடியது. புருசனைப் பிடித்து வைக்க இவளுக்கு என்னுடைய பெட்டிதான் கிடைத்ததா என்று இருந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். முன்னறைக்குப் போய்ப் பெட்டியைப் பன்னிரண்டில் மறுபடி தொடக்கினேன். கிணற்றடியில் அளந்து ஒரு போத்தல் எண்ணெய் விட்டேன். "இருந்து பாருங்கோ அத்தான், வாறன்" என்று சொல்லிவிட்டுப் பின்னறை வாசலில் போய் நின்றேன். ஸ்திரிக்கைப் பெட்டியின் வயரைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தேன்.

அக்கா அந்தச் சேட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தாள். இரண்டு பேரும் ஜெனரேற்றரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அது ஒரே சீராக ஓடியது. இடையில் ஒரு தரம் அவள் என் கையிலிருந்த வயரைப் பார்த்தாள். நான் இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.

"பிள்ளை, முடிஞ்சுது" என்று முன்னறையிலிருந்து அத்தான் கூப்பிட்டார்.

அக்கா எழும்பிச் சேட்டை அலுமாரியில் வைத்தாள்.

"என்ன செய்தனீ?" என்று அத்தான் கேட்டார். மூக்கு உடைபட்டது முகத்தில் தெரிந்தது. "சூடு குறைஞ்சிட்டுது" என்றேன். அக்காவைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவளுக்காக அல்ல. அவள் தனக்காக அவ்வளவு பாடுபட்டாள் என்று தெரிந்தால் அந்த மனிதர் இன்னும் நிமிர்ந்து நடப்பார். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம், சிப்புகளுக்குச் சூடு ஆகாது என்று தான் கண்டுபிடித்ததாக அவர் எல்லோருக்கும் விளங்கப்படுத்தினார்.

சொன்ன சொல்லை மீற அவருக்கு வழியில்லை, அம்மா சாட்சி. அன்றைக்கே பெட்டியை சைக்கிள் கரியரில் சாக்கு விரித்துக் கட்டி உருட்டிக்கொண்டு வந்தேன். ரோஸ் சட்டையை அங்கேயே விட்டுவிட்டேன். அம்மா சாப்பாட்டு மேசையை ஒதுக்கித் தந்தாள். மேசை இல்லை என்ற வீட்டில் அது எத்தனையோ வருசமாக இருந்தது. சங்கம் ஒரு ஜெனரேற்றரைத் தந்தது. வகுப்பும் தொடங்கினேன். பலகை போடவில்லை.

அத்தான் அந்த வருசமே கிளாலிக் கடலேரியால் தோணியேறிக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து வெளிநாடு போனார். முதலில் கடிதம் வந்தது. பிறகு ஆட்கள் மூலம் செய்தி வந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

ஒருநாள் பின்னேரம் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அக்கா வந்தாள். பெட்டியை நான் கொண்டுவந்த பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே வந்து, கம்பியூட்டருக்குப் பக்கத்தில் அந்த ஸ்திரிக்கைப் பெட்டியை வைத்தாள். வயரை ஒழுங்காகச் சுற்றியிருந்தாள்.

"இதையும் நீயே வைச்சிரு. அங்கை இனி ஆருடைய சேட்டுக்கு மடிப்பு எடுக்கிறது?" என்றாள்.

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். இரு அக்கா, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ என்று நான் சொல்லவில்லை. பெட்டி பன்னிரண்டில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் படலையைச் சாத்துகிற சத்தம் கேட்கும் வரைக்கும் நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.