கை காட்டாத பள்ளம்

போன வாரம் மனைவியை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ரங்கசாமி குளம் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். குழாய் பதித்தவர்கள் சரியாக மூடாமல் விட்ட பள்ளம் ஒன்று வந்தது. என் இடது கை தானாக இறங்கி, ஆள்காட்டி விரலால் தரையைக் காட்டியது. "யாருக்குங்க காட்டுறீங்க? பின்னாடி ஒருத்தரும் வரலியே" என்றாள். பழக்கதோஷம் என்று சொல்லி வைத்தேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த விரலைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

பதினைந்து வருஷம் இருக்கும். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட் தரணேந்திரனுடையது. மாகறல் பக்கத்து நயினார் வீட்டுப் பிள்ளை, தமிழ்ச் சமணக் குடும்பம்; எங்களுக்குத் தரணி. இருவரும் ஆளுக்கொரு ரேஸ் சைக்கிளை, யாரோ ஓட்டிச் சலித்ததை, வாங்கியிருந்தோம். விரலளவு டயர், ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த கைப்பிடி. அதற்கென்று ஒரு கால்சட்டை உண்டு, உடம்போடு ஒட்டிக்கொள்ளும். தரணிக்கு அது பாந்தமாக இருந்தது. எனக்கோ தொப்பை தொடங்கிவிட்ட காலம். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் டீக்கடையில் போய் நின்றால், மாஸ்டர் பாலை ஆற்றிக்கொண்டே ஏற இறங்கப் பார்ப்பார். "இன்னா சார், பேன்ட்டு தண்ணில போட்டு சுருங்கிப்போச்சா?" என்பார்.

இஞ்சி தட்டிப் போட்ட அந்த டீ எனக்கு மட்டும்தான். தரணி தொட மாட்டான். அவர்கள் வீட்டில் சூரியன் இறங்கிய பிறகு சாப்பிட மாட்டார்கள். மறுபடி சூரியன் வரும்வரை அவன் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான்.

"நீ சைக்கிள் ஓட்ட வந்தியா, விரதம் இருக்க வந்தியாடா?" என்று கேட்பேன்.

"ரெண்டுத்துக்கும்தான். நீ சீக்கிரம் குடிச்சிட்டு வா, நேரமாவுது."

ஊரிலிருந்து மேற்கே, முசரவாக்கம் வழியாகத் தாமல் ஏரிக்கரை வரைக்கும் போவோம். சூரியன் முதுகுப் பக்கம் வரும். கரையேறியதும் தரணி கிழக்கே திரும்பி நிற்பான். சிவப்பு தெரிந்த பிறகுதான் பாட்டிலைத் திறப்பான். அவன் அந்த முதல் வாய் தண்ணீர் குடிப்பதைப் பார்க்கும்போது, ஏற்கெனவே டீயும் இரண்டு பிஸ்கட்டும் தின்றுவிட்டு வந்த எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும்.

அந்த மாதிரி சைக்கிள் ஓட்டுவதில் ஒரு விதி உண்டு. முன்னால் போகிறவன் எதிர்காற்றைத் தன்மேல் வாங்கிக்கொள்வான். பின்னால் வருகிறவன் அவன் சக்கரத்தோடு ஒரு சாண் இடைவெளியில் ஒட்டிக்கொண்டு வருவான், பாதி உழைப்புதான். ஆனால் அவனுக்கு முன்னவன் முதுகைத் தவிர எதுவும் தெரியாது. அதனால் பள்ளம் வந்தால் முன்னால் போகிறவன் விரலை இறக்கிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பின்னவன் கண்ணில்லாதவன்தான்.

முசரவாக்கம் தாண்டியதும் எங்களுக்குள் பந்தயம் தொடங்கும். முதலில் கரையைத் தொட வேண்டும், அவ்வளவுதான். ஒருநாள்கூட நான் ஜெயித்ததில்லை. என் முதுகுக்குப் பின்னாலேயே பதுங்கி வந்து, கடைசியில் "வரட்டா மச்சி" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போவான். அந்த "வரட்டா" என் வயிற்றெரிச்சலைக் கிளப்பும்.

மார்கழியில் ஒரு ஞாயிறு. நல்ல பனி. அன்றைக்கு என் கால் சொன்னபடி கேட்டது. அவன் பின்னால் ஒட்டிக்கொண்டுதான் இருந்தான், சங்கிலிச் சத்தம் கேட்டது. இரட்டைப் பனைமரம் தாண்டியதும், என் விளக்கு வெளிச்சத்தில், தாம்பாள அகலத்துக்கு ஒரு பள்ளம். பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். கையை எடுத்தால் வேகம் குறையும், குறைந்தால் தாண்டிவிடுவான். சக்கரத்தை மட்டும் சட்டென்று திருப்பி நான் தப்பித்துக்கொண்டேன். ஒரு விரல். நீட்டவில்லை.

பின்னால் கேட்ட சத்தத்தை எழுத எனக்கு வரவில்லை.

சாலை ஓரத்தில் மல்லாந்து கிடந்தான். இடது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. உதடு காய்ந்திருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு, பாட்டிலைத் திறந்து வாயருகே கொண்டுபோனேன். தலையைத் திருப்பிக்கொண்டான்.

"சூரியன் வந்துச்சாடா?"

கிழக்கே பார்த்தேன். பனியைத் தவிர எதுவுமில்லை. வந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குடித்திருப்பான். அவன் நோன்பு விஷயத்தில் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இன்னும் இல்லடா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டான். மூடியபடியே, "பள்ளத்த நீ பாக்கலயா?" என்றான்.

"இல்லடா. ஒரே பனி."

"அதானே. பாத்திருந்தா கை காட்டியிருப்பியே."

தோள்பட்டை எலும்புக்குத் தகடு வைத்தார்கள். கை மேலே தூக்க வராது, குனிந்து கைப்பிடியில் பாரம் போட முடியாது. சைக்கிளை விற்றுவிட்டான். நான் இரண்டு ஞாயிறு தனியாகப் போய்ப் பார்த்தேன். பின்னால் சங்கிலிச் சத்தம் இல்லாமல் ஓட்டப் பிடிக்கவில்லை. நானும் விற்றேன். அவன் கல்யாணத்தில் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் சொல்லலாம் என்றிருந்தேன். ஒவ்வொரு தடவையும் வாயில் கொழுக்கட்டை.

ஸ்கூட்டரில் விரல் இறங்கியதற்கு இரண்டு நாள் முன்புதான் தரணி போன் செய்திருந்தான். அவன் மகள் ஏழாவது படிக்கிறாள். சைக்கிள் வேண்டும் என்று அடம் பிடித்து வாங்கிவிட்டாளாம்.

"ஞாயித்துக்கிழமை நீ கூட்டிக்கினு போப்பா. வேற யார் பின்னாடியும் நான் அனுப்ப மாட்டேன். நீன்னா கை காட்டுவ."

முட்டி வலி என்றேன். "அய்யோ, டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று அவன் உண்மையாகவே கவலைப்பட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தாமல் பக்கம் போனேன். சாலையை அகலப்படுத்தி, மண் கொட்டி உயர்த்தி, பக்கத்தில் இன்னொரு சாலையும் போட்டிருந்தார்கள். இரட்டைப் பனைமரத்தைத் தேடினேன். இரண்டுமே இல்லை. முன்னும் பின்னும் மூன்று தடவை போய் வந்தேன். தரணியைக் கூட்டிவந்து நிறுத்தி, இதோ இங்கேதான், நான் பார்த்தேன்டா என்று விரல் நீட்டிக் காட்ட, அந்தப் பள்ளமும் இப்போது இல்லை.