காலி வீதியில் பாய் விரித்த நீலா அக்கா

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீலா அக்கா போன செய்தி வந்தபோது நான் கொட்டாஞ்சேனையில் ஒரு சலூன் கதிரையில் இருந்து மீசைக்கு மை பூசுவித்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம்தான் முடிந்திருந்தது. ரெலிபோனில் அக்காவின் மகள், "அன்ரன் மாமா, அம்மா நித்திரையிலயே போயிட்டா" என்றாள். அப்படியே எழும்பி அக்கா வீடு இருக்கும் வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறினேன். செத்தவீட்டில் பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக நின்று அழுதேன். வந்தவர்கள் மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கினார்கள். அக்கா என்றால் அடக்கியிருக்க மாட்டார்.

உங்களில் பலர் அவரிடம் வயலின் படித்தவர்கள். நான் எதுவுமே ஒழுங்காகப் படித்தவன் அல்ல. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது ஒரு பந்தயப் பாய்ப்படகு. அவரிடம் படித்த ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் குடும்பம் சண்டைக்குப் பயந்து நாட்டை விட்டுப் போகும்போது அதை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனது. முட்டைக்கோது போல மெல்லிய படகு. ஒருவர் சுக்கான் பிடிப்பார். மற்றவர் இடுப்புப் பட்டியைப் பாய்மரத்துக் கம்பியில் கொளுவி, விளிம்பில் கால் வைத்து, முழு உடம்பையும் தண்ணீருக்கு மேலே வெளியே சாய்ப்பார். அப்படிச் சாயாவிட்டால் காற்று படகைக் கவிழ்த்துவிடும்.

அந்தக் காலத்தில் நான் துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். பாய்மரத்துக்குக் கம்பி தேடி, இரும்புப் பட்டறைகள் உள்ள எங்கள் ஒழுங்கைக்கு வந்த அக்கா, கம்பியை விட்டுவிட்டு என் வயிற்றைப் பார்த்தார்.

"தம்பி, எத்தனை கிலோ?"

"ஏன் அக்கா, இறைச்சிக்கோ?"

"இல்லையடா, வெளியில தொங்கவிட."

அன்று தொங்கியவன்தான்.

ஓட்டம் முடிந்தால் வேலை தொடங்கும். நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். அடிப்பகுதியை ஈர எமரித்தாளால் கன்னம் போல வழுக்கும்வரை தேய்க்க வேண்டும். கம்பிகளைப் பஞ்சால் துடைப்பார் அக்கா. ஓர் இழை அறுந்திருந்தாலும் பஞ்சு கொளுவிக் காட்டிக்கொடுத்துவிடும். கடைசியில் இரண்டு பக்கக் கம்பியையும் விரலால் சுண்டி, கண்ணை மூடிக் கேட்டு, முறுக்கைக் கூட்டிக் குறைப்பார்.

"அக்கா, இது பாடுமோ ஓடுமோ?"

"சுருதி பிழைச்சா ரெண்டும் இல்லை."

ஒரே ஒரு குறை அவருக்கு. யுத்தத்தால் எங்களைப் போன்றவர்கள் கடலில் பாய் விரிக்க முடியாது. பொல்கொட வாவி மட்டும்தான். அவர் வீட்டு வாசலில் நின்றால் ரயில் பாதைக்கு அப்பால் கடல். "இலையில சோத்தைப் போட்டுட்டுக் கையைக் கட்டினமாதிரி இருக்கடா" என்பார். அப்போதுதான் ஒரு பந்தயம் வந்தது. முதலாவதாக வரும் படகு சென்னைக்குப் போகும். அங்கே ஓடுவது கடலில்!

பந்தயத்துக்கு முன் திருத்த வேலைக்காகப் படகு எங்கள் ஒழுங்கைக்கு வந்திருந்தது. பந்தயத்தன்று காலை அதைச் சில்லுவண்டியில் ஏற்றி, ஒரு வான் வண்டியின் பின்னால் பூட்டி, பாய்மரத்தை மேலே கட்டிப் புறப்பட்டோம். காலி வீதிச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். நீண்ட அலுமினியக் குழாய், வளையம் வளையமாகக் கம்பி, இரண்டு தமிழ் அடையாள அட்டைகள். ஒப்பிசருக்கு முகம் மாறிவிட்டது.

"மே மொகத?" இது என்ன என்று குழாயைக் காட்டினார்.

"படகு, பந்தயத்துக்குப் போறம்" என்று அக்கா சிங்களத்தில் சொன்னார். "நம்பிக்கை இல்லாட்டிப் பூட்டிக் காட்டுறன்."

"காட்டுங்க."

வானிலிருந்து படகைக் கழற்றி ஓரமாக நிறுத்தினோம். அக்கா முதலில் மேலே பார்த்து, மின்சாரக் கம்பி இல்லாத இடமாகத் தள்ளச் சொன்னார். பாய்மரத்தை நிமிர்த்தி, கம்பிகளைப் பூட்டி, பாயை உச்சிவரை இழுத்தார். பஸ்ஸில் போனவர்கள் தலையை வெளியே நீட்டினார்கள். ஒரு சிப்பாய் உள்ளே ஏறிக் குந்தியிருந்து தேடினான். பாய்க் கயிறு என் கையில். கை நோகுதே என்று, வாவியில் செய்கிற பழக்கத்தில், அதைக் கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பல்லுக்கட்டையில் இறுக்கிவிட்டேன்.

கடற்காற்று பக்கத்து ஒழுங்கைக்குள்ளால் வந்தது. பாய் நிறைந்தது. சில்லில் நின்ற படகு சிப்பாயோடு காலி வீதியில் ஓடத் தொடங்கியது!

துவக்குகள் எல்லாம் எங்களைப் பார்த்து நிமிர்ந்தன. நான் கையை உயர்த்தினேன். அக்கா உயர்த்தவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகின் பின்னால் ஓடினார். "அன்ரன், எருமை, கட்டையில போட்டியோ!" எட்டிப் பிடித்துக் கயிற்றை அடித்து விடுவித்தார். படகு நின்றது. பிறகு உள்ளேயிருந்த சிப்பாய் எழும்பி, "ஆயெத் யமு!" என்றான். திரும்பவும் போவோமாம். ஒப்பிசருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஹரி, ஹரி" என்றார், சரியாம். "போட்டியைப் பிடியுங்க, ஓடுங்க."

வாவிக்குப் போய்ச் சேர்ந்தபோது மற்றப் படகுகள் புறப்பட்டுவிட்டன. பின்னால் துரத்தினோம். காற்று ஏறியது, தண்ணீர் கறுத்தது. நான் கம்பியில் கொளுவிவிட்டுப் பாதிதான் சாய்ந்தேன். எனக்கு நீந்தத் தெரியாது, மிதவைச் சட்டையை மட்டும் நம்பியவன்.

"முழுசாச் சாயடா!"

"அக்கா, கம்பி அறுந்தா?"

"கம்பியை நான் பார்த்தனான். நீ பின்னால சாய்."

சாய்ந்தேன். தலைமயிர் தண்ணீரில் பட்டது. படகு மூக்கைத் தூக்கி, தண்ணீரைக் கிழிப்பதை விட்டுவிட்டு அதன் மேலேயே வழுக்கி ஓடியது. என்ன வேகம்! என்ன இரைச்சல்! ஒவ்வொரு படகாகப் பின்னால் போனது. கடைசியாக முன்னால் நின்ற படகையும் கோட்டுக்குக் கிட்ட வைத்து ஒரு மூக்கு நீளத்தில் தாண்டினோம். அக்கா போட்ட கூச்சலில் கரையில் நின்ற கொக்கெல்லாம் பறந்தன.

சென்னைக் கடலில் நாங்கள் கடைசிக்கு முந்தின இடம். நான் வழிநெடுக வாந்தி. அக்கா முகமெல்லாம் உப்போடு, "இன்னொருக்காச் சுத்துவமோ?" என்று கேட்டார்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இதுதான்: பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று என்றால், பிறகு பயப்படாமல் பின்னால் சாய். என் கலியாணத்திலும் வயிற்று ஒப்பரேசனிலும் அப்படித்தான் சாய்ந்தேன்.

எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, அவரிடம் படித்த பிள்ளைகள் இதென்ன சாய்வு என்று கேட்டார்கள். விளங்கட்டும் என்று பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடி சாய்ந்து காட்டினேன். கதிரையை நான் பார்த்திருக்கவில்லை. பின்கால் இரண்டும் முறிந்து போயின. மடியில் வடைத் தட்டு இருந்தது. வடை ஒன்றும் கொட்டவில்லை.