அழுத்திப் பார்க்காத பட்டன்

கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகக் கூடாது என்று அப்போது எல்லா இடத்திலும் எழுதி ஒட்டியிருப்பார்கள். மேற்குத் தாம்பரத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த சின்ன சாஃப்ட்வேர் கடையிலும் அப்படித்தான். ஏசி குளிரில் வெறுங்காலோடு மொசைக் தரையில் நிற்கும்போதே எனக்குப் பாதி பயம் வந்துவிடும். மீதிப் பயம் மானிட்டரைப் போட்டதும் வரும்.

கணக்கில் பட்டம் வாங்கியிருந்தேன். கல்யாணம் ஆகி, மகளுக்கு ஒரு வயது முடிந்த பிறகு கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தேன். ஃபாரம் வரைந்து, அதில் பட்டன்களை வைத்து, ஒவ்வொரு பட்டனும் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுவதுதான் அந்தப் படிப்பு. வகுப்பில் சுலபமாக இருந்தது. வேலையில் சேர்ந்ததும் எதுவும் சுலபமாக இல்லை. பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டுக்குக் கீழ்ப் போர்ஷனில் இருந்த அக்காதான் என் மகளைப் பார்த்துக்கொள்வார். அவளை அவரிடம் விட்டுவிட்டு ரயில் நிலையம் வந்து சேர்வதற்குள், கேஸை அணைத்தேனா, பால் பாட்டிலைக் கொதிக்க வைத்தேனா என்று யோசித்து யோசித்து ஓய்ந்துபோவேன். அந்த மனதோடுதான் போய் புரோகிராம் எழுத உட்காருவேன்.

முதல் வாரத்திலேயே கடையின் கம்ப்யூட்டர் ஒன்றை முடக்கிவிட்டேன். பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு நகர்ந்தால் 'பெயர் வேண்டும்' என்று சொல்லும்படி எழுதியிருந்தேன். அடுத்த கட்டமான பிறந்த தேதிக்கும் அதே மாதிரி. ஓடவிட்டதும் 'பெயர் வேண்டும்' என்றது. ஓகே கொடுத்தேன். கர்சர் தேதியை விட்டுப் பெயருக்குத் திரும்ப வேண்டுமல்லவா, தேதியை விட்டு நகர்ந்ததால் 'தேதி வேண்டும்' என்றது. அதற்கு ஓகே கொடுத்தால் மறுபடியும் 'பெயர் வேண்டும்'. இரண்டும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தன. எதையும் டைப் செய்யவும் முடியவில்லை, வெளியே வரவும் முடியவில்லை. நான் ஓகே, ஓகே என்று அழுத்திக்கொண்டிருந்ததைக் கடைக்காரர் வந்து பார்த்தார்.

"என்னம்மா, ரெண்டு பேரும் சண்டை போடுறாங்களா?" என்று கேட்டுவிட்டு, குனிந்து சுவிட்சை அணைத்தார். "பரவால்ல. எல்லாரும் ஒரு தடவை இதுல மாட்டுவாங்க."

அவர் சிரித்தபடிதான் சொன்னார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்து வந்த வேலை செம்பாக்கத்தில் ஒரு குழந்தை டாக்டருடையது. கிளினிக்குக்கு வரும் குழந்தைகளின் பெயர், பிறந்த தேதி, போட்ட ஊசிகள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். திங்கட்கிழமைதோறும், அந்த வாரம் யார் யாருக்கு ஊசி போட வேண்டும் என்று அது அச்சடித்துக் கொடுக்கும். அதைப் பார்த்து ரிசப்ஷன் பெண் வீட்டு விலாசத்துக்கு போஸ்ட் கார்டு போடுவாள்.

"நீங்களே ஒரு அம்மா. உங்களுக்குத்தான் இது நல்லா புரியும். நீங்களே முழுசா செஞ்சிடுங்க" என்றார் கடைக்காரர்.

புரிந்ததுதான் கஷ்டமாகப் போயிற்று. ஒரு பெயர் விட்டுப்போனால் ஒரு கார்டு போகாது. கார்டு போகாவிட்டால் அந்தத் தாய்க்கு ஞாபகம் வராமல் போகலாம். சின்ன வயதில் எங்கள் தெருவில் தட்டம்மை கண்டு கண் பார்வை போன ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். புரோகிராமில் ஒவ்வொரு வரி எழுதும்போதும் அந்தப் பிள்ளையின் முகம் வந்தது.

"அஞ்சாறு டம்மி பேரு போட்டு டெஸ்ட் பண்ணுங்க" என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். இல்லாத குழந்தை ஒன்றுக்குப் பெயர் வைத்து, அதற்கு ஊசி போடவில்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் என் மகளின் பெயரையே போட்டேன். அவளுக்கு எல்லா ஊசியும் சரியாகப் போட்டிருந்தோம், தேதிகளும் மனப்பாடம். சேர்த்தேன், திருத்தினேன், தேடினேன், அச்சடித்தேன். எல்லாம் ஒழுங்காக வந்தது.

கடைசியாக 'அழி' பட்டன் மட்டும் மிச்சம் இருந்தது. மகளின் பெயரைத் தேர்ந்தெடுத்து அதை அழுத்தினேன். 'இந்தக் குழந்தையை நிச்சயமாக அழிக்கலாமா?' என்று கேட்டது. அந்தக் கேள்வியை எழுதியதே நான்தான். ஆனாலும் 'ஆம்' என்பதை அழுத்த முடியவில்லை. 'வேண்டாம்' என்பதை அழுத்தினேன். மறுநாளும் அதே இடம் வரைக்கும் போய் 'வேண்டாம்' கொடுத்தேன். நாலைந்து வரிதானே, கோர்ஸில் எழுதிக்கொடுத்த அதே வரிகள்தானே, இதில் என்ன தப்பு வந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதற்குள் கடைக்காரர் ஒரு நல்ல நாள் பார்த்துவிட்டார். ராகுகாலத்துக்கு முன்னால் கிளினிக்கில் ஏற்றிவிட வேண்டும் என்று ஃபைல்களை ஃப்ளாப்பிகளில் எடுத்துக்கொண்டு கிளம்பினார். சின்னச் சின்ன மாற்றம் கேட்பார்கள் என்று புரோகிராம் எழுதும் வசதியையும் அந்த மிஷினிலேயே போட்டுவிட்டார். என் மகளின் பெயரும் ஃபைலோடு போய்விட்டது. எடுத்துவிட்டுக் கொடுத்திருக்க வேண்டும். எடுப்பதற்கு அந்தப் பட்டனைத்தானே அழுத்த வேண்டும்.

சில வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கடைக்கு ஃபோன் வந்தது. கிளினிக் ரிசப்ஷன் பெண்.

"அக்கா, ஒரு புள்ள பேரு ரெண்டு தபா ஏறிட்சி. ஒண்ண அழிக்கலாம்னா அழிய மாட்டேங்குது. ஒரே பேஜாரா கீதுக்கா."

"அழிக்கலாமான்னு கேட்டுச்சா?"

"கேட்டுச்சி. எஸ் குட்த்தேன். மறுபடியும் பாத்தா அங்கியே கீது. சரியா அமுக்கலபோலன்னு இன்னொரு வாட்டி அமுக்கினேன். அப்புறம் இன்னொரு வாட்டி..."

"எத்தனை தடவை அழுத்தினே?"

"நாலு இருக்கும்க்கா. போன வாரம்."

அழுத்தியும் அந்தப் பெயர் போகவில்லை என்றால் வேறு எது போயிற்று? ரிசீவரை வைத்தேன். கடைக்காரர் வெளியூர் போயிருந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, ரயில்வே லைனைத் தாண்டிக் கிழக்குப் பக்கம் போய் பஸ் பிடித்தேன். கேம்ப் ரோடு வரைக்கும் மனதுக்குள் அந்த நாலைந்து வரிகளை ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். பிறகுதான் பிடிபட்டது. திரையில் தெரியும் பெயர் வரிசை ஒன்று. அதற்கு அடியில் ஃபைலில் நாம் நிற்கும் இடம் இன்னொன்று. மேலே ஒரு பெயரைத் தொட்டால் அடியில் உள்ள இடமும் அங்கே நகர வேண்டும் என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டும். நான் எழுதவில்லை. மேலே யாரைத் தொட்டாலும் அடியில் அது முதன்முதலில் ஏற்றிய ஆளிடமே நின்றிருக்கும். அழித்த பிறகு ஃபைலை மறுபடி திறப்பதால் திரும்பவும் முதலில் போய் நிற்கும். வேலைக்குப் புதிதாக வரும் எல்லாரும் செய்யும் தப்புதான் என்று பின்னால் தெரிந்தது. அன்றைக்கு அந்த பஸ்ஸில் எனக்கு அது தெரியாது.

கிளினிக்கில் கூட்டம் இல்லை. ரிசப்ஷன் பெண் நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தாள். பெயர்கள் அகர வரிசையில் இருந்தன. கை தானாக என் மகளின் பெயரைத் தேடியது. அவள் இருக்க வேண்டிய இடத்தில், அவளுக்கு முன்னால் வரும் பெயரும் பின்னால் வரும் பெயரும் ஒட்டிக்கொண்டு நின்றன.

"ஒரு ஃபோன் பண்ணிக்கலாமா?" என்றேன்.

கீழ்ப் போர்ஷன் அக்காதான் எடுத்தார். "இப்பதான் பருப்பு சாதம் சாப்ட்டுட்டு தூங்குறா. ஏன், என்ன ஆச்சு? குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணும் இல்லக்கா. மூச்சு நல்லா விடுறாளா, பாருங்க."

"இது என்ன கேள்வி? குறட்டையே விடுறா."

வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்ட பிறகுதான் என்னால் திரும்பி வந்து உட்கார முடிந்தது. குழந்தைகளுக்குப் பெயர் ஏற்றிய வரிசையில் எண் கொடுத்திருந்தேன். எண்படி அடுக்கிப் பார்த்தேன். ஐந்திலிருந்து தொடங்கியது. ஒன்றாம் எண் என் மகளுடையது. மற்ற மூன்று பேர் யார்?

"மொதல் மொதல்ல யார் பேரை ஏத்தினேன்னு ஞாபகம் இருக்கா?"

அவள் யோசிக்கவே இல்லை. "தெரிஞ்சவங்க புள்ளிங்கள தான்க்கா. தப்பா போயி வெளியாளு புள்ள பேரு கெட்டுடக் கூடாதுல்ல. எங்க அக்காவோட ரெட்டப் புள்ளிங்க. அப்புறம் எதுத்த வூட்டுப் பையன்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "ஐயோ, எதுத்த வூட்டுப் பையன். ஒம்போது மாசம் ஆயிடுச்சே. நேத்து அடிச்ச லிஸ்ட்ல அவன் இல்ல."

ஒன்பது மாதத்தில் போடுவது தட்டம்மை ஊசி.

நான் டாக்டர் அறைக் கதவைத் தட்டினேன். உள்ளே போய் என்ன சொன்னேன் என்று ஒழுங்காக நினைவில்லை. தப்பு என் புரோகிராமில், இந்தப் பெண்மேல் ஒன்றும் இல்லை என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். இந்த வேலை போய்விட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டாக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைத் தாண்டி ரிசப்ஷன் பெண்ணைப் பார்த்தார்.

"ரெட்டைப் பசங்களுக்கு அடுத்தது எப்போ?"

"இன்னும் நாளு கீது டாக்டரம்மா. எதுத்த வூட்டுப் பையனுக்குத்தான் இந்த வாரம். சாயங்காலம் வூட்டுக்குப் போறச்சே சொல்லிடறேன்."

"சாயங்காலம் என்ன சாயங்காலம்? சைக்கிள எடு. கையோட கூட்டிட்டு வா."

அவள் போனதும் நான் அந்த ஒரு வரியை எழுதினேன். பிறகு இரண்டு, மூன்று, நான்கு என்ற எண்களில் மூன்று குழந்தைகளுக்கும் இடம் ஒதுக்கி, ஒன்றைக் காலியாகவே விட்டேன். மற்றவர்கள் எல்லாரும் இருக்கிறார்களா என்று எண்களைச் சரிபார்த்தேன், பிறகு திரும்பவும் சரிபார்த்தேன். வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டபோதெல்லாம் எட்டிப் பார்த்தேன்.

கடைசியில் அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, பக்கத்தில் ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வந்தாள். நல்ல கொழுகொழுவென்ற பையன். வாயில் பிஸ்கட்.

"கார்டு வரல, சரி இப்ப ஒண்ணும் இல்லபோலன்னு இருந்துட்டேன்" என்றாள் அந்தத் தாய். "வியாழக்கெழம அம்மா ஊருக்குக் கெளம்பறேன். ரெண்டு மாசம் கழிச்சித்தான் வருவேன். நல்ல வேள, இவ வந்தா."

இரண்டு மாதம். நான் மானிட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். உள்ளே பையன் வீலென்று கத்தினான். ஊசிக்காக அழும் எந்தக் குழந்தையின் குரலும் எனக்கு அதற்கு முன்னால் நிம்மதி கொடுத்ததில்லை.

அவர்கள் போன பிறகு ரிசப்ஷன் பெண் மூன்று பெயர்களையும் ஏற்றினாள். "இப்போ சரியாயிட்சாக்கா? அந்த டபுளு பேர அழிச்சிடட்டா?"

"இரு. இன்னும் டெஸ்ட் பண்ணல."

"பண்ணுங்க."

கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது. நான் எதையும் டைப் செய்யவில்லை. அவள் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"புள்ளிங்க பேரு வேணாமா? எம்பேரு போடுங்க. நானெல்லாம் அவ்ளோ சீக்கிரம் அழியற ஆளா?"

அவள் பெயரைப் போட்டேன். பிறந்த தேதி கேட்டதற்குச் சிரித்தாள், குத்துமதிப்பாக ஒன்று சொன்னாள். பெயரைத் தொட்டு, அழி. நிச்சயமாகவா? ஆம். அவள் மட்டும் போனாள். முதல் பெயர் இருந்தது, கடைசிப் பெயர் இருந்தது. ஆனால் ஒரு தடவை சரியாக வந்தால் சரியென்று ஆகிவிடுமா? என் பெயரைப் போட்டு அழித்தேன். அகர வரிசையில் இரண்டு பெயர்களும் நடுவில்தான் வந்தன. கடைசியில் இருப்பவரை அழித்தால்?

"வேறென்ன பேரு?" என்றேன்.

அவள் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "டாக்டரம்மா பேரு கடைசீல தான் வரும். போடுங்க."

வேண்டாம் என்று வாய் வரை வந்தது. ஆனால் கடைசிப் பெயரைப் பார்க்காமல் இந்த அறையை விட்டுப் போனால் இன்னொரு செவ்வாய்க்கிழமை வரும். போட்டேன். வரிசையின் அடியில் போய் நின்றது. 'இந்தக் குழந்தையை நிச்சயமாக அழிக்கலாமா?' என்று திரை கேட்டது. அப்போது பின்னால் கதவு திறந்த சத்தம்.

"யாரை அழிக்கப் போறீங்க?" என்றபடி டாக்டர் அம்மா குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டார். ரிசப்ஷன் பெண் மேஜை மேல் இருந்த பேப்பர்களை அடுக்க ஆரம்பித்தாள்.

"குழந்தையாமே, இந்த வயசுல" என்றார். என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி அவரே அழுத்தினார்.

அவர் பெயர் மறைந்தது. அவர் சிரிக்கவில்லை. இன்னொரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "ஒண்ணாம் நம்பர்லேருந்து படிங்க. ஒவ்வொரு பேரா. எனக்கு எல்லாப் பிள்ளையும் தெரியும்" என்றார்.

இரண்டிலிருந்து படிக்கத் தொடங்கினேன்.