புலி எழுத்து

2003 தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் அடைத்துக் கிடந்த திங்கட்கிழமையன்று ராஜபாண்டியன் சிங்கப்பூருக்குப் புறப்பட்டான். விருதுநகர் ஸ்டேஷனில் அவன் வீட்டார் சூழ நின்றதால் பொன்மணி பார்சல் ஆபீஸ் பக்கமே நின்றுகொண்டாள். தண்ணீர் பாட்டில் வாங்கப் போகிறவன்போல அவன் அங்கு வந்தான்.

"தை பிறந்ததும் வந்து வீட்டுல பேசுறேன்."

"பேசுவீகளா?"

"உன் புலி மேல சத்தியமா."

அழவேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

புலி என்றது அவள் வரைந்த எழுத்தை. சிவகாசி அச்சகமொன்றில் லேபிளுக்கு எழுத்து வரைபவள் அவள். அம்மா மாடத்தி தாயில்பட்டியில் சரவெடி பின்னுகிறவள். ராஜபாண்டியன், அச்சகத்துக்கு ஆர்டர் கொடுக்கும் பட்டாசு முதலாளியின் மகன். 'சீறும் புலி' ராக்கெட் பெட்டிக்குப் பெயரை வரைந்து தரும்படி அவன் கேட்டபோது, தடித்த எழுத்தை அப்படியே கம்ப்யூட்டரில் சாய்த்துக் கொடுத்தாள்.

"என்ன பொன்மணி, புலி தூங்கப் போகுதா?" என்றான்.

ரோசம் வந்துவிட்டது. கையாலேயே மறுபடி சாய்த்து வரைந்தாள். அடிப்பக்கம் கனம், மேலே போகப்போக மெலிவு, பெட்டி அளவில் மை அப்பிக்கொள்ளாதபடி சுழிகளின் வயிறு அகலத் திறந்திருந்தது. இரண்டே சொல். பெட்டியைவிட்டுப் பாய்ந்தது.

லேபிள் வேலையில் எழுத்துவரிசை முழுவதையும் யாரும் வரைவதில்லை. ஆர்டரில் இருக்கும் பெயருக்கு வேண்டிய எழுத்துகள் மட்டும்தான். அவன் போனபின், வேலை ஓய்ந்த மதியங்களில், ஆர்டரே இல்லாமல் அதே புலி எழுத்தில் அவன் பெயரை வரைந்தாள் பொன்மணி. பிறகு தன் பெயரை. இரண்டையும் கல்யாணப் பத்திரிகை அளவில் தாளில் எடுத்துப் பார்த்தாள்.

அச்சுக்குப் பிளேட் போடும் ஆண்டிச்சாமி எட்டிப் பார்த்துவிட்டார். யாருக்கென்று கேட்கவில்லை.

"ஏ புள்ள, பத்திரிகைக்கு இது ஆகாது. சின்னதாக்குனா அடைச்சுப்போயி கரிக்கட்டையா நிக்கும். வாசல்ல வைக்கிற பேனருன்னா அம்சமா இருக்கும்."

"அப்ப பேனரே வச்சிருவோம்ணே."

தை பிறந்தது. அவனிடமிருந்து போன் இல்லை. அடுத்த தையும் போயிற்று. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போய்க் கும்பிட்டு வந்தாள். பெண் கேட்டு வந்தவர்களை அவள் திருப்பி அனுப்பியபோது, "அந்தக் கம்ப்யூட்டரயே கட்டிக்கோ, நானும் நிம்மதியாச் சாவேன்" என்று மாடத்தி தட்டை விட்டெறிந்தாள். சீசனுக்குச் சீசன் புலி அச்சாகி லோடு லோடாகப் போனது. அந்த இரண்டு பெயர்களும் கம்ப்யூட்டரிலேயே கிடந்தன.

2007 ஆடியில் ஒரு மதியம், தெரியாத எண்ணிலிருந்து அவள் செல்லுக்குச் செய்தி வந்தது.

"பொன்மணி, நல்லா இருக்கியா? ஊருக்கு வந்திருக்கேன். ஆவணியில கல்யாணம். மண்டப வாசல்ல பெரிய பேனர் வைக்கணும். ராஜபாண்டியன், ரோஷினி. புலி எழுத்துலதான் வேணும்னு சொல்லிட்டேன், உன்னைய மாதிரி யாரும் எழுத மாட்டாக. ரெண்டு பேருக்கும் எழுத்து புதுசா வரையணும்ல? எம்புட்டு நாளாகும்? ராஜபாண்டியன்."